எழுத்தெல்லாம் தெரிகிறது, பேச்சு மட்டும் வரவில்லை

ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 3 வயது 4 மாதம். உயிரெழுத்து, மெய்யெழுத்து, ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், 50 வரை எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அட்டையைக் காட்டினால் பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறாள். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அம்மா உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார், சிலேட்டில் எழுதவும் வைக்கிறார். ஆனால் பேச்சென்றால் "அம்மா தண்ணி", "பாப்பா தூக்கு", "அது வேணும்" என்பதோடு நின்றுவிடுகிறது. மழலையர் பள்ளியில் என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கதைப் புத்தகம் வாசித்தால் இரண்டு பக்கம் முடிவதற்குள் அவளே பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள், அல்லது எழுந்து ஓடிவிடுகிறாள். நாய் படம் போட்ட ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவில் அவர் சொல்லும் கதையை மட்டும் குழந்தை அசையாமல் கேட்கிறாள். கதையை நடுவில் நிறுத்தினால் பாட்டியின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "அப்பறம்?" என்கிறாளாம். "மாமியார் பேசுவது கொச்சைத் தமிழ். அது குழந்தையின் மொழியைக் கெடுத்துவிடாதா?" என்று தாய் கவலைப்படுகிறார். கணவரோ, போகப்போகும் பள்ளியில் ஆங்கிலம்தான் என்பதால் வீட்டிலும் இனி ஆங்கிலம் மட்டும் பேசலாம் என்கிறார். "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான், தானா வந்துடும்" என்பது மாமியாரின் ஆறுதல். இதற்கிடையில், நிறையப் பேசாத வீட்டுக் குழந்தைகள் 3 கோடி சொற்கள் பின்தங்கிவிடுவார்கள் என்று எங்கேயோ படித்ததிலிருந்து தாய்க்குத் தூக்கம் இல்லை. கடிதம் இப்படி முடிகிறது: "ஒரு மணி நேரத்தை இரண்டாக்கட்டுமா? மாமியாரைக் கதை சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? நான் எங்கே கோட்டை விட்டேன்?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோட்டை விடவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் குழந்தையோடு உட்காருகிற தாயிடம் அக்கறைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அக்கறை போகும் திசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் காதைப் பாருங்கள்

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அடிக்கடி சளி பிடிக்கும், டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள், கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புவாள்." எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

சளி அடிக்கடி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி நிற்பது சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு கேட்பதுபோல் எல்லாம் மங்கலாகக் கேட்கும். உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்லும் 'க', 'கா', 'கி' காதில் விழும். சாதாரணப் பேச்சில் சொல்லின் கடைசியில் மெதுவாக ஒட்டிக்கொண்டு வருவது விழாது. தமிழில் இலக்கணத்தின் பெரும்பகுதி அந்தக் கடைசியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு, வீட்டுல, வீட்டுலேர்ந்து. வந்தான், வந்தாள், வந்தேன். வால் கேட்காத குழந்தைக்கு எல்லாம் 'வீடு' என்றும் 'வா' என்றும்தான் கேட்கும். உங்கள் மகளுக்கும் இதுதான் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடங்கக் கூடாது.

ஆகவே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனையும் நடுக்காதின் அழுத்தத்தைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரண்டிலும் வலி இல்லை.

அதோடு, குழந்தைகளின் பேச்சு, மொழிப் பயிற்சி நிபுணர் ஒருவரையும் பாருங்கள். 3 வயது தாண்டிய பெரும்பாலான குழந்தைகள் மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசுவார்கள். அவர்கள் பேசுவதில் முக்கால் பங்காவது வெளி ஆட்களுக்கும் புரியும். தமிழில் ஒரே சொல்லுக்குள் நிறைய அடங்கிவிடும் என்பதால் வெறும் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. 'வரமாட்டேன்' என்ற ஒரு சொல்லில் யார், எப்போது, மறுப்பு எல்லாமே இருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் உதாரணங்களில் அந்த விகுதிகளும் அதிகம் இல்லை. 'தானா வந்துடும்' என்று காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பது ஆறுதலுக்கான செய்தியும் இல்லை. குடும்பத்தில் பேச்சுத் தாமதம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாங்களாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள், உண்மைதான். யார் எட்டிப்பிடிப்பார்கள், யாருக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டில் இருந்தபடி கணிக்க முடியாது.

எழுத்திலும் எண்ணிலும் இவ்வளவு பிடிப்பு, உரையாடல் மட்டும் குறைவு என்றால், ஒரு பொருளைச் சுட்டிக்காட்டுகிறாளா, கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டுகிறாளா, பொம்மையைத் தூங்கவைத்து விளையாடுகிறாளா என்றெல்லாம் நிபுணர் கேட்பார். பயப்பட வேண்டாம், அது வழக்கமான கேள்வி. பாட்டியின் தாடையைத் திருப்பி "அப்பறம்?" என்கிறாள் என்று எழுதினீர்களே, அதையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். பிடித்த ஒன்றை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் ஆசை அதில் தெரிகிறது.

எழுத்து ஒரு பாதை, பேச்சு வேறு பாதை

எழுத்து தெரிந்தால் மொழி வந்துவிடும் என்று நம்பி அந்த ஒரு மணி நேரத்தை நடத்துகிறீர்கள். படித்த பெற்றோர் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கனடாவில் மோனிக் செனஷால், ஜோ-ஆன் லெஃபெவ்ர் என்ற இரு ஆய்வாளர்கள் 168 குழந்தைகளை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் பெற்றோர் எழுத்தும் சொல்லும் கற்றுக்கொடுத்தது, குழந்தைகளின் தொடக்க எழுத்தறிவோடு தொடர்பு கொண்டிருந்தது. கதைப் புத்தகங்களோடு இருந்த பழக்கம், சொல்வளத்தோடும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனோடும் தொடர்பு கொண்டிருந்தது. ஒன்றைச் செய்வதால் மற்றதன் பலன் கிடைத்துவிடவில்லை. மூன்றாம் வகுப்பில் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள் என்பதோடு நேரடித் தொடர்பு கொண்டிருந்தது அந்தச் சொல்வளமும் புரிதலும்தான்.

அதாவது உங்கள் மாலை நேரத்துக்குப் பலன் இருக்கிறது. அது எழுத்தில் தெரிகிறது. பேச்சுக்கு அதிலிருந்து பலனை எதிர்பார்ப்பதுதான் தவறு.

இன்னொரு வகையிலும் இதைப் பார்க்கலாம். 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் என்றால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். பெருக்கலில் அது நடக்காது. தமிழின் 247 எழுத்துகளும் தெரிந்த குழந்தை 'பதுங்கியது' என்று தப்பில்லாமல் படித்துவிடலாம். பதுங்குவது என்றால் என்னவென்று தெரியாவிட்டால் அது வெறும் சத்தம்.

ஆகவே இரண்டு மணி நேரம் வேண்டவே வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தையும் பத்து நிமிடமாகக் குறையுங்கள். அவள் பெயரின் முதல் எழுத்து வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவது போன்ற விளையாட்டாக அது இருக்கட்டும். சிலேட்டில் எழுதவைப்பதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். 3 வயது விரல்கள் அதற்குத் தயாராக இல்லை. கிறுக்குவதற்கு மட்டும் தாராளமாகக் காகிதம் கொடுங்கள்.

நாய்ப் புத்தகத்தை எப்படிப் படிப்பது

மிச்சமுள்ள நேரத்தில் என்ன செய்வது என்றால், அவள் நீட்டுகிற அந்த நாய்ப் புத்தகத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒரே புத்தகத்தைக் கேட்பது பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. 3 வயதுக் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. புதுச் சொற்களை எல்லாக் குழந்தைகளும் ஒரே அளவு தடவைதான் கேட்டார்கள். ஆனால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் சொல்லைக் கவனிக்க மனதுக்கு இடம் கிடைக்கிறது.

நீங்கள் வாசிப்பதாக எழுதியிருக்கும் முறை இது: முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரலை எழுத்தின்மேல் ஓட்டியபடி. அவள் படத்தைத் தொட்டால், "இரு, முதல்ல கேளு" என்கிறீர்கள். கதை வாசிக்கும்போது சிறு குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா நேரமும் படத்தில்தான் இருக்கிறது. எழுத்துப் பக்கம் அபூர்வமாகத்தான் வருகிறது. ஆகவே படத்தைத் தொடுவது கவனச்சிதறல் இல்லை. அவள் பார்வையில் புத்தகம் என்பது படம்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். நாய் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, வால் மட்டும் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஐந்து வரை எண்ணுவது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். மூன்றிலேயே நமக்கு வாய் துறுதுறுக்கும். பொறுத்திருங்கள். அவள் வாலைத் தொட்டு, "நாய் போச்சு" என்பாள். உடனே, "ஆமா, நாய் கட்டிலுக்கு அடியில போச்சு!" என்று அவள் சொன்னதையே எடுத்து இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "சரியாச் சொல்லு", "முழுசாச் சொல்லு" என்று கேட்காதீர்கள். பிறகு, "ஏன் உள்ள போச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால், "பயந்துகிச்சு போல" என்று நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தில் அவளே, "பயம்" என்று சொல்லக்கூடும். "இது என்ன கலர்? எத்தனை கால்?" போன்ற கேள்விகள் வேண்டாம். உங்களுக்கு விடை தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அது பரீட்சை, பேச்சு ஆகாது.

இந்த முறையை 1988லேயே க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சுமார் 2 வயதிலிருந்து 3 வயதுக்குள் இருந்த குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, இப்படிக் கேட்டு, விரித்து, குழந்தையைப் பேசவைத்து வாசிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களும் அதே அளவு வாசித்தார்கள், தங்கள் வழக்கப்படி. ஒரே மாதத்தில் முதல் பிரிவுக் குழந்தைகளின் பேச்சு முன்னேறியிருந்தது. 9 மாதம் கழித்துப் பார்த்தபோது இடைவெளி குறைந்திருந்தாலும் மறைந்துவிடவில்லை. தாமதம் உள்ள குழந்தைக்கு இது சிகிச்சையின் இடத்தைப் பிடிக்காது. அதோடு சேர்ந்து வீட்டில் நடக்க வேண்டியது.

அவள் பக்கத்தைத் தாண்டிப் புரட்டினால் புரட்டட்டும். ஒரு நாளைக்கு மூன்று பக்கம் பேசினால் போதும்.

கதைப் புத்தகங்கள் எழுத்துத் தமிழில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 'நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது' என்று அச்சில் இருக்கும். வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை. 3 வயதுக் குழந்தைக்கு அது பாதி அந்நிய மொழி. இரண்டு பக்கத்துக்குள் எழுந்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் பெற்றோரிடம் சொல்வது: முதலில் பேச்சு வழக்கில் சொல்லுங்கள், "நாய் கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுகிச்சு." கதை பழகிய பிறகு அச்சில் உள்ளபடி ஒரு வரி வாசியுங்கள். தெரிந்த கதையின் மேல் ஏறி வரும்போது 'ஒளிந்துகொண்டது' என்பது தானாகவே புரிந்துவிடும்.

மாமியாரின் கதை

இங்கேதான் உங்களோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். கொச்சை என்று நீங்கள் சொல்வது பேச்சுத் தமிழ். அதற்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு. எழுத்துத் தமிழை எட்டுவதற்கு உங்கள் மகளிடம் இருக்கும் ஒரே ஏணி அதுதான். உலகின் எந்தக் குழந்தையும் முதலில் பேச்சு மொழியைக் கற்ற பிறகுதான் எழுத்து மொழிக்குப் போகிறது.

அப்புறம், மாமியார் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது, அதனால் என்ன ஆனது என்று கோத்துச் சொல்கிறார். கண்முன் இல்லாத ஒன்றை வெறும் சொல்லால் வரவழைக்கிறார். பின்னாளில் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள இதே திறன்தான் வேண்டும். அதுமட்டுமா, அவர் கதையை நிறுத்துகிறார். குழந்தை "அப்பறம்?" என்கிறாள். அவர் தொடர்கிறார். உங்கள் கடிதம் முழுவதிலும் குழந்தை தானாக உரையாடலை முன்நகர்த்தும் ஒரே இடம் அதுதான்.

படிக்கத் தெரியாத ஒரு பாட்டி என்னிடம் பேரனைக் கூட்டிவருவார். எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். தினம் ஒரு விதமாகக் கதை கட்டிச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வாரம் பையன் என் முன்னாலேயே பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, "நேத்து ஆடு தொலைஞ்சு போச்சுன்னு சொன்ன, இன்னிக்கு தூங்குதுங்கற" என்று பாட்டியை மடக்கினான். அதுவரை அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உங்கள் மாமியார் கையிலும் அப்படி ஒரு படப் புத்தகத்தைக் கொடுங்கள். தனக்குப் படிக்கத் தெரியாது என்று தயங்குவார். "நீங்க சொல்ற மாதிரிதான் அத்தை வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3 கோடிக் கணக்கு

நீங்கள் படித்தது ஹார்ட், ரிஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வின் நிழல். அமெரிக்காவில் 42 குடும்பங்களைப் பார்த்து, 4 வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தைகளின் காதில் விழும் சொற்களுக்கும் ஏழை வீட்டுக் குழந்தைகளின் காதில் விழும் சொற்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பெருக்கிச் சொன்ன கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் பேசுவதையும் சுற்றிக் காதில் விழுவதையும் சேர்த்தால் படம் மாறுகிறது, ஒரே வசதியுள்ள குடும்பங்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2018இல் வந்த ஒரு மூளை ஆய்வு. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளில், பெரியவர் எத்தனை சொல் பேசினார் என்பதைவிட, குழந்தையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடு தொடர்புடையதாக இருந்தது. ஆகவே நாள் முழுக்கப் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

செல்போனில் பாட்டு வீடியோக்கள் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். திரை இவளுக்காக ஐந்து வரை எண்ணிக் காத்திருக்காது. இந்த வயதில் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அதற்குக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டில் எந்த மொழி?

கணவரிடம் இதைப் பக்குவமாகப் பேசுங்கள். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. தாமதம் உள்ள குழந்தைக்கும் வீட்டு மொழியைப் பறிப்பதால் நன்மை இல்லை. உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் யோசிக்காமல் வருகிறதோ அந்த மொழியில்தான் பேச்சு நீளும். ஆங்கிலம் மட்டும் என்று முடிவு செய்தால் வீட்டில் "கம் ஹியர்", "டோன்ட் டச்" என்ற அளவுக்குப் பேச்சு சுருங்கிவிடும் அபாயம் இருக்கிறது. அந்த வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே என்ன மிஞ்சும் என்பதையும் கணவரிடம் கேளுங்கள். ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிக்க அவருக்கு ஆசை என்றால் அதைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளட்டும், நல்லதுதான்.

பரிசோதனைக்குப் போகும்போது ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: குழந்தையைத் தமிழிலும் மதிப்பிட வேண்டும். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் கேட்டு எழுதிய மதிப்பீடு அவளுக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டாது. அறிக்கையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழலையர் பள்ளியில் எழுதச் சொல்லி நெருக்கினால் அதைக் காட்டிப் பேசலாம்.

போவதற்கு முன் மூன்று நாட்கள், அவள் தானாகச் சொல்வதை எல்லாம் அவள் சொன்ன மாதிரியே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், திருத்தாமல். எந்தச் சூழ்நிலையில் சொன்னாள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு நாள் இரவு மாமியார் கதை சொல்லும்போது ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். புது அறையில், புது ஆளின் முன்னால் குழந்தைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இந்த இரண்டும் கையில் இருந்தால் நிபுணருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.